ஆறு பேருக்கு ஒரே உப்பு

சென்னை கொளத்தூரில் ஒரு வீடு. ஆறு பேர், ஒரு சமையலறை, ஒரு கேஸ் அடுப்பு. மொட்டைமாடிப் படிக்கட்டுக்குக் கீழே தனியாக ஒரு இண்டக்ஷன் அடுப்பு. ஜூன் மாதம் அந்த வீட்டுப் பெரியவருக்கு வழக்கமான ரத்தப் பரிசோதனை எடுத்தபோது பொட்டாசியம் 5.8 என்று வந்தது. 3.5-இலிருந்து 5-க்குள் இருக்க வேண்டியது அது. ஏறிக்கொண்டே போனால் இதயத் துடிப்பைக் குழப்பிவிடும். மருத்துவர் உடனே இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார். நல்லவேளை, அதில் கோளாறு இல்லை. பொட்டாசியத்தைக் குறைக்கும் பொடியை எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்கச் சொல்லி என்னிடம் அனுப்பினார்.

நான் உணவு ஆலோசகர். கிளினிக்கில் உட்கார்ந்து அட்டவணை எழுதித் தருவதைவிட, முடிந்தவரை வீட்டுக்கே போய் அடுப்படியைப் பார்ப்பது என் வழக்கம். "காலையில் என்ன சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டால் எல்லோரும் இரண்டு இட்லி என்றுதான் சொல்வார்கள். அந்த இட்லிக்குத் தொட்டுக்கொண்டது என்ன, அதை அரைத்தது யார், மிஞ்சியது யார் தட்டுக்குப் போனது என்பதெல்லாம் அடுப்படியில்தான் தெரியும். குடும்பத்தார் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வீட்டில் யார், யாருக்கு என்ன

பெரியவருக்கு 72 வயது. ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோய் வந்து இருபது வருடம் ஆகிறது, கூடவே ரத்த அழுத்தம். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் 1.7. அதை வைத்துக் கணக்கிட்டால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் 42 வருகிறது. மூன்றாம் நிலைச் சிறுநீரக பாதிப்பு, அதிலும் பிற்பாதி. டயாலிசிஸ் பேச்செல்லாம் இப்போது இல்லை. ஆனால் வாய்க்கு வந்ததைச் சாப்பிடுகிற காலமும் போய்விட்டது.

அவர் மனைவி திருநெல்வேலிப் பக்கத்துச் சைவக் குடும்பம். பேரப்பிள்ளைகளுக்கு ஆச்சி. முருக பக்தை, செவ்வாய், கிருத்திகை, சஷ்டி நாள்களில் ஒரு பொழுதுதான். மற்ற நாள்களில் வெங்காயம், பூண்டு எல்லாம் உண்டு. அவர் வைக்கிற சொதியை நானும் ஒரு மத்தியானம் சாப்பிட்டேன். இஞ்சித் துவையலோடு. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

மகன் தனியார் நிறுவனத்தில் வேலை, 43 வயது. கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருப்பதாகத் தெரிந்ததும் மாவுச்சத்தைக் குறைக்கும் பேலியோ உணவுமுறைக்குப் போனவர். காலையில் 100 பாதாம், இல்லையென்றால் நான்கைந்து முட்டை, வெண்ணெய் போட்ட டீ. அரிசியைத் தொடுவதில்லை. மருமகள் ராயபுரத்துப் பெண், காதல் கல்யாணம். மீன் இல்லாத ஞாயிற்றுக்கிழமையை அவரால் நினைத்துப் பார்க்க முடியாது. அலுவலகத்தில் கணக்குப் பிரிவு. பேத்திக்கு 15 வயது, பள்ளிக் கைப்பந்து அணியில் ஆடுகிறாள். ஒரு வருடத்துக்கு முன்னால் கறி, மீன், முட்டையை விட்டவள் இந்த வருடம் பாலையும் தயிரையும் விட்டுவிட்டாள். பேரனுக்கு ஏழு வயது. தயிர்சாதமும் உருளைக்கிழங்கும்தான் அவன் உலகம். அந்த வயதில் பலருக்கும் அப்படித்தான். அவனை விட்டுவிடலாம்.

இந்த வீடு ஒன்றும் அபூர்வம் இல்லை. சென்னையில் இருக்கிற மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் சொன்னது. மூன்று தலைமுறை சேர்ந்திருக்கிற வீட்டில் ஒருவருக்காவது இருக்கும். அவருக்கென்று ஒரு சமையல் தொடங்கும். அடுத்து இன்னொருவருக்கு, அப்புறம் இன்னொருவருக்கு.

நான்கு சமையல்

நான் போனபோது மருமகள் காலை ஐந்து மணிக்கு முன்பே எழுந்துகொண்டிருந்தார். பிள்ளைகளுக்கு இட்லியோ தோசையோ, மாமனாருக்கு ஓட்ஸ் கஞ்சி, கணவருக்குப் படிக்கட்டு அடுப்பில் முட்டை. பேத்திக்குத் தேங்காய்ப்பாலில் ஏதாவது. மதியத்துக்குக் கட்டுகிற டப்பா நான்கு, நான்கிலும் வெவ்வேறு சாப்பாடு. ராத்திரி மாமனாருக்குச் சப்பாத்தி, பிள்ளைகளுக்கு தோசை, கணவருக்கு பனீரோ கோழியோ. மாமியார் காய் நறுக்குவார், மாவு ஆட்டுவார், சாம்பார் வைப்பார். பாத்திரம் விளக்க வருகிற அம்மா இந்த இரண்டு வருடத்தில் இரண்டு தடவை சம்பளம் கூட்டிக் கேட்டிருக்கிறார். நியாயம்தான்.

வீட்டில் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் கோபமாக இருந்தார்கள், ஆனால் சாப்பாட்டின் பெயரைச் சொல்லித்தான் பேசினார்கள். "இந்த வீட்டில் யாருமே ஒரே சாப்பாடு சாப்பிடுவதில்லை" என்றார் ஆச்சி. மகன், எல்லோரும் தன்னைப் போல அரிசியை விட்டால் எல்லாப் பிரச்சினையும் தீரும் என்றார். மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. குக்கரை இறக்கிக்கொண்டிருந்தார்.

மார்ச் மாதத்தில் ஒரு தீர்வு வந்திருந்தது. அதை யோசித்தவர் மகன். எல்லோருக்கும் பொதுவாக ஒரு மாற்றமாவது செய்வோம், அதுவும் உடம்புக்கு நல்லதாக, எளிதாக இருக்கட்டும் என்று வீட்டு உப்பையே மாற்றினார். சோடியம் குறைந்த உப்பு. அப்பாவுக்கு ரத்த அழுத்தம், எனக்கும் வரலாம், பிள்ளைகளுக்கு இப்போதே பழகட்டும் என்பது அவர் கணக்கு. அன்புள்ள மகன் செய்யக்கூடிய வேலைதான்.

பொட்டாசியம் எங்கிருந்து வந்தது

சோடியம் குறைந்த உப்பில் குறைத்த சோடியத்துக்குப் பதில் இன்னொன்றைச் சேர்த்தால்தான் உப்புச் சுவை வரும். அந்த இன்னொன்று பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. பாக்கெட்டில் 15 சதவீதம் சோடியம் குறைவு, 30 சதவீதம் குறைவு என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். பின்பக்கத்தில் பொட்டாசியம் பற்றிய வரி பொடி எழுத்தில் இருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் நாளைக்கு 6 கிராம் உப்பு சாப்பிடுகிறார், அதில் 30 சதவீதம் பொட்டாசியம் குளோரைடு என்று வைத்துக்கொண்டால் 1.8 கிராம். அதில் ஏறக்குறைய பாதி சுத்தமான பொட்டாசியம். ஆக, 900 மில்லிகிராம் கூடுதலாக உள்ளே போகிறது. சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறவருக்கு இது நல்லதே. ரத்த அழுத்தம் குறையும். பெரியவரின் சிறுநீரகத்தால் அவ்வளவை வெளியேற்ற முடியாது. அதோடு ரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரகப் பாதுகாப்புக்கும் அவர் சாப்பிட்டுவந்த மாத்திரை, பொட்டாசியத்தை உடம்பிலேயே தேக்கும் வகையைச் சேர்ந்தது. மருத்துவர் அதைத் தெரிந்துதான் கொடுத்தார், ரத்தப் பரிசோதனையை வைத்துக் கண்காணித்தும் வந்தார். வீட்டில் உப்பு மாறியதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. உப்பை மாற்றியதை யார்தான் மருத்துவரிடம் போய்ச் சொல்வார்கள்?

உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் இப்படிப்பட்ட உப்புகளுக்கென்றே ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. வீட்டில் உப்புப் போட்டுத்தான் தீருவோம் என்கிற வயதுவந்தவர்கள் சாதாரண உப்புக்குப் பதில் இதைப் பயன்படுத்தலாம் என்று அது பரிந்துரைக்கிறது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகளை அந்தப் பரிந்துரையில் சேர்க்கவில்லை. கொளத்தூர் வீட்டில் சிறுநீரகக் கோளாறு உள்ள ஒருவர், பிள்ளைகள் இரண்டு பேர். ஆறில் மூன்று பேருக்கு அந்தப் பரிந்துரை பொருந்தவே இல்லை.

உப்பு மட்டும் இருந்திருந்தால்கூட எண் இவ்வளவு ஏறியிருக்காது என்று நினைக்கிறேன். கத்திரி வெயிலுக்கு தினம் ஒரு இளநீர். அதில் மட்டும் சுமார் 500 மில்லிகிராம் பொட்டாசியம். காலை நடைப்பயிற்சி முடிந்து பூங்கா வாசலில் வாழைத்தண்டு ஜூஸ். சென்னையில் எந்தப் பூங்கா வாசலுக்குப் போனாலும் அருகம்புல், வாழைத்தண்டு, நெல்லிக்காய் என்று வரிசையாக வைத்து விற்பார்கள். வாழைத்தண்டு சிறுநீரகத்துக்கு நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சிறுநீரகக் கல்லுக்கென்று சொல்லப்படுகிற கைவைத்தியம் அது. வடிகட்டும் திறன் குறைந்தவருக்கு அது உதவாது என்பது மட்டுமல்ல, இன்னும் பொட்டாசியத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். சாயங்காலம் மகன் கொடுத்த ஒரு கைப்பிடி பாதாம். ராத்திரி தக்காளி சூப். ஒவ்வொன்றும் நல்ல பொருள், ஒவ்வொன்றும் அக்கறையோடு கொடுத்தது.

உப்பு, இளநீர், ஜூஸ், சூப் நான்கையும் நிறுத்தினோம். மருத்துவர் கொடுத்த பொடியும் சேர்ந்து, பத்து நாளில் பொட்டாசியம் 4.9-க்கு வந்தது. இதோடு முடிந்திருக்க வேண்டிய வேலைதான். ஆனால் மகன் உடனே அடுத்ததைக் கேட்டார்: "அப்போ இந்துப்பு வாங்கிடட்டுமா மேடம்?"

வேண்டாம் என்றேன். இந்துப்பும் சோடியம் குளோரைடுதான். நிறமும் விலையும்தான் வேறு. கல்லுப்பும் அப்படியே. இந்துப்பில் பெரும்பாலும் அயோடின் சேர்ப்பதில்லை என்பதால், வளர்கிற பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அதையே முழுநேர உப்பாக வைத்துக்கொள்வது சரியல்ல. சாதாரண அயோடின் உப்பே திரும்ப வந்தது. கேள்வி அளவைப் பற்றியது: ஒருவருக்கு ஒரு நாளைக்கு மொத்தமாக 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், வடாம், பாக்கெட் மிக்சர் எல்லாம் அதற்குள் அடக்கம்.

வடித்த தண்ணீர்

இங்கேதான் எனக்கு இந்தக் குடும்பம் சுவாரசியமானது. பெரியவருக்குக் காயிலிருந்து பொட்டாசியத்தைக் குறைக்க ஒரு எளிய வழி, பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரை வடித்துவிடுவது. பேத்தியின் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.8, வைட்டமின் பி12-உம் குறைவு. அவளுக்குக் காய், கீரையின் சத்து ஒரு சொட்டும் வீணாகக்கூடாது. ஆச்சியோ ஐம்பது வருடமாகக் காய் வெந்த தண்ணீரைக் கொட்டாதவர். "சத்தெல்லாம் அதுலதானம்மா இருக்கு" என்றார். அவர் சொன்னது சரி. கணவருக்கு அந்தச் சத்து வேண்டாம் என்பதுதான் புதிது.

மருமகளின் முகத்தைப் பார்த்தேன். ஐந்தாவது சமையல் வரப்போகிறது என்று அவர் நினைத்தது தெரிந்தது. வழி சொன்னவர் ஆச்சி. வடித்த தண்ணீரை மற்றவர்களின் சாம்பாரில், ரசத்தில் விட்டால் என்ன? ஒன்றும் ஆகாது. வெந்த காயில் மாமனாரின் பங்கு தனியே போகும், தண்ணீர் மற்றவர்களுக்குப் போகும். ஒரே பாத்திரம், ஒரே அடுப்பு. என் படிப்பில் யாரும் சொல்லித் தராத விஷயம் இது.

அதற்கப்புறம் நாங்கள் எல்லாச் சமையலையும் இதே கண்ணோடுதான் பார்த்தோம். தனித்தனியாகச் சமைப்பதா, சேர்த்துச் சமைப்பதா என்று கேட்பதை விட்டுவிட்டு, எந்த இடத்தில் பிரிப்பது என்று கேட்டோம். தமிழ்ச் சமையல் இதற்குத் தோதானது. பருப்பு தனியே வேகும், காய் தனியே வேகும், புளியும் உப்பும் பொடியும் பிற்பாடுதான் சேரும், தாளிப்பு கடைசியில். உப்புப் போடுவதற்கு முன்னால் ஒரு கரண்டி எடுத்து வைப்பது பெரிய வேலையே இல்லை. பிரியாணி மாதிரி எல்லாம் ஒன்றாகத் தம்மில் போகிற சமையலில் இந்த வசதி கிடையாது.

இப்போது அந்த வீட்டில் நடப்பது இப்படி: குக்கர் அடுக்கில் ஒன்றில் துவரம்பருப்பு, ஒன்றில் அரிசி, உப்பில்லாமல். சுரைக்காயோ சௌசௌவோ கோஸோ தனியே வெந்து வடிகிறது. வாரத்தில் பெரும்பாலான நாள்களுக்குப் பொட்டாசியம் குறைந்த காய்களையே பொதுக் காயாக வைத்துக்கொண்டோம். உருளை, சேனை, வாழைக்காய், கீரை சமைக்கிற நாளில் மட்டும் பெரியவருக்கு வேறு காய். அவர் பங்கை எடுத்த பிறகு மீதியில் உப்பு, சாம்பார்பொடி, புளி. அவர் பங்குக்கு மிளகு, சீரகம், பெருங்காயம், கொஞ்சம் தேங்காய், கறிவேப்பிலை. மகனுக்கு அதே காயில் நெய்யும் தேங்காயும் தாராளமாக. கூடப் பனீரோ முட்டையோ அவரே செய்துகொள்கிறார். பேத்திக்கு அதே பருப்பும் காயும், கூடவே கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டல்.

சப்பாத்தியை நிறுத்தினோம். இதற்கு வீட்டில் பெரிய எதிர்ப்பு. சர்க்கரைக்காரருக்கு ராத்திரி சப்பாத்தி என்பது சென்னையில் சட்டம் போல ஆகிவிட்டது. 30 கிராம் மாவில் இடுகிற ஒரு சப்பாத்தியில் சுமார் 20 கிராம் மாவுச்சத்து; 100 கிராம் சோற்றில் சுமார் 28. மூன்று சப்பாத்தி சாப்பிடுகிறவர் இரண்டு கரண்டி சோறு சாப்பிடுகிறவரைவிட எந்த விதத்தில் ஒழுங்கு? கோதுமையில் நார்ச்சத்து கொஞ்சம் கூடுதல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தினமும் ராத்திரி எட்டு மணிக்கு வேலையிலிருந்து வந்த ஒரு பெண் மாவு பிசைந்து, தேய்த்து, சுட்டுப் போடுகிற அளவுக்கு அந்த வித்தியாசம் பெரிதல்ல. பெரியவருக்கு இப்போது ராத்திரி இரண்டு இட்லி, அல்லது அளந்த ஒரு கப் சோறு. முதலில் காய், பிறகு சோறு. தினமும் பதினைந்து நிமிடம் நடை. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து குளுக்கோமீட்டரில் பார்த்தார். சப்பாத்தி நாள்களைவிட எண் ஏறவில்லை. அவரே நோட்டில் எழுதி வைத்துக் காட்டினார்.

மகன், அப்பாவையும் பேலியோவுக்கு மாற்றலாமா என்று கேட்டார். கூடாது. இந்த நிலையில் இருப்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு சுமார் 0.8 கிராம் புரதம் என்பது சிறுநீரக மருத்துவர்கள் வைத்திருக்கிற அளவு. 62 கிலோ எடைக்கு 50 கிராம். பருப்பு, மோர், அளவான சோறு, இட்லியிலேயே அது வந்துவிடும். மகனுக்கு பேலியோவால் 96 கிலோ 87 ஆகியிருக்கிறது, கல்லீரல் எண்களும் இறங்கியிருக்கின்றன. அவருக்கு ஒத்துப்போவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவரின் உணவுமுறைக்கு இன்னொருவர் ஐந்து மணிக்கு எழுந்திருக்க வேண்டியதில்லை. முட்டையை அவரே போட்டுக்கொள்ள வேண்டும், பாத்திரத்தையும் அவரே கழுவ வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். உணவு ஆலோசனைச் சீட்டில் இதையெல்லாம் எழுதலாமா என்று சிரித்தார். எழுதலாம்.

உப்பு விஷயத்தில் இன்னொன்றும் செய்தோம். பெரியவருக்கென்று ஒரு சின்ன சம்புடம். தினமும் காலையில் மருமகள் அதில் அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் கூடுதலாக உப்பு போட்டு வைப்பார். அன்றைக்கு அவ்வளவுதான். அதை எதில் போடுவது என்பது அவர் இஷ்டம். ஆரம்பத்தில் காலை இட்லிச் சட்னியிலேயே பாதி போய்விடும், ராத்திரி முகம் சுருங்கும். இப்போது மதியத்து மோருக்கென்று பத்திரப்படுத்துகிறார். "உப்பைக் குறை" என்று ஐந்து பேர் சொல்லிக்கொண்டிருந்தபோது கேட்காதவர், சம்புடம் கைக்கு வந்ததும் கறாராகிவிட்டார். ரயில்வே ஸ்டோர்ஸ் கணக்கு பார்த்த கை.

மீன்

மீதி எல்லாமே மூன்று நான்கு வாரத்தில் ஒரு வழிக்கு வந்தது. மீன் வரவில்லை.

ஆச்சி தன் நிலைப்பாட்டில் தெளிவாக இருந்தார். "நான் என்ன, மீன் சாப்பிடாதன்னா சொன்னேன்? என் அடுப்புல வேண்டாம்னுதான சொன்னேன்." அதற்கு மருமகள் கேட்டது இன்னும் தெளிவு: "அது உங்க அடுப்புன்னா, பதினேழு வருஷமா நான் சமைக்கிறது யார் அடுப்பு அத்தை?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிற தகுதி எனக்கு இல்லை. எந்த ஊட்டச்சத்து அட்டவணையிலும் அதற்குப் பதில் இல்லை. சைவம் என்பது நம் ஊரில் வெறும் நாக்கு சம்பந்தப்பட்டதும் இல்லை. வாடகை வீடு தேடிப் போகிறவரிடம் "நீங்க சைவமா?" என்று கேட்பவர் எதைத் தெரிந்துகொள்ளப் பார்க்கிறார் என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். கவுச்சி வாடை குமட்டுகிறது என்பது ஆச்சிக்கு உண்மையான உடல் உபாதை. நான் கண்ணால் பார்த்தேன். அந்த வாடையின் பெயரால் தன் பிறந்த வீட்டையே தள்ளி வைக்கிறார்கள் என்று மருமகளுக்குத் தோன்றியதும் உண்மை. இரண்டில் எது பொய் என்று தேடினால் ஒன்றும் நடக்காது.

பழைய கதை ஒன்று உதவியது. பேரன் பிறந்த சமயம், ராயபுரத்திலிருந்து மருமகளின் அம்மா தினமும் டிபன் கேரியரில் பால்சுறாப் புட்டு அனுப்பியிருக்கிறார். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்பது கடற்கரைப் பக்கத்து நம்பிக்கை. ஆச்சி அதைத் தடுக்கவில்லை. படிக்கட்டுக்குக் கீழே ஒரு நாற்காலி போட்டு, ஃபேனையும் திருப்பி வைத்திருக்கிறார். இண்டக்ஷன் அடுப்பு பின்னால் அதே இடத்துக்குத்தான் வந்தது. ஆகவே ஆச்சியின் கணக்கில் தான் நிறையவே விட்டுக்கொடுத்திருக்கிறார். மருமகளின் கணக்கில், இன்னும் படிக்கட்டுக்குக் கீழேதான் இருக்கிறார்.

எனக்குப் புரிய வெகுநேரம் பிடித்த விஷயம், மருமகளின் குறை சமைப்பதில் இல்லை என்பது. மீன் குழம்பு மறுநாள்தான் ருசி. மண்சட்டியில் ஒரு ராத்திரி ஊறி, புளியும் காரமும் மீனுக்குள் இறங்கிய பிறகுதான் அது குழம்பு. இந்த வீட்டில் மீன் குழம்பு ஒருநாளும் மறுநாளைப் பார்த்ததில்லை. ஃப்ரிட்ஜில் வைக்கக்கூடாது, வெளியே வைத்தால் கெட்டுவிடும், ஆகவே ஞாயிற்றுக்கிழமை மதியமே தீர்த்துவிட்டுச் சட்டியைக் கழுவிக் கவிழ்க்க வேண்டும். பேத்தியும் மீனை விட்டபிறகு சாப்பிடவும் ஆள் குறைவு. "பயந்து பயந்து தின்னுற மாதிரி இருக்கு மேடம்" என்றார்.

மாடி அறைக்கு ஒரு பழைய சின்ன ஃப்ரிட்ஜ் வந்தது. வாங்கி வந்தவர் பெரியவர். தன் பென்ஷனில், யாரிடமும் கேட்காமல். வேலைக்குப் போன காலத்தில் கேன்டீனில் முட்டைத் தோசை சாப்பிட்டவர் என்பது ஆச்சிக்கு நாற்பது வருடமாகத் தெரியும், தெரியாதது போல இருந்திருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. இண்டக்ஷன் அடுப்பும் மாடிக்குப் போனது. மேலே காற்றோட்டம், ஒரு மேடை, தண்ணீர்க் குழாய். ஜூன் 14-ஆம் தேதியோடு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்திருந்த சமயம். விசைப்படகுகள் கடலுக்குப் போய் வந்ததும் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வரத்து கூடியது. கவலை மீனும் கானாங்கெளுத்தியும் வஞ்சிரத்தைவிட விலை குறைவு, நல்ல கொழுப்புச் சத்தோ கூடுதல் என்று நான் சொல்லப்போக, "அது எங்களுக்குத் தெரியாதா" என்று மருமகள் சிரித்தார்.

இது முழுத் தீர்வா என்றால், இல்லை. "என் அடுப்பு" என்ற சொல் அந்த வீட்டில் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

புரட்டாசி வந்தபோது மாடி அடுப்பு ஒரு மாதம் சும்மா இருந்தது. ராயபுரத்து வீட்டிலும் புரட்டாசியில் மீன் கிடையாதாம். மாமியாரும் மருமகளும் யாரும் சொல்லாமலே ஒத்துப்போன ஒரே மாதம் அதுதான். மகனுக்குத்தான் திண்டாட்டம், பனீரும் பாதாமுமாக ஓட்டினார்.

பேத்தி

பேத்தி பாலை விட்டதற்குக் காரணம் அவள் போனில் பார்த்த சில வீடியோக்கள். மாடுகளை எப்படி நடத்துகிறார்கள் என்பதைப் பார்த்தாள், விட்டுவிட்டாள். அவளோடு வாதாட நான் போகவில்லை, கொள்கை அவளுடையது. ஆச்சிக்குப் பேத்தி சைவமானதில் ரகசிய சந்தோஷம். அம்மாவுக்கு, மகள் தன் பக்கத்தை விட்டு ஆச்சி பக்கம் போய்விட்டாள் என்ற வருத்தம். பிள்ளை தட்டில் ஒரு துண்டு சங்கரா மீனை ஒதுக்கி வைத்தால் அதில் இவ்வளவு அர்த்தம் இருக்கிறது.

உடம்புக் கணக்கு வேறு. பி12 விலங்கு வழியில்தான் கிடைக்கும்: பால், தயிர், முட்டை, மீன், கறி. இட்லி மாவு புளிக்கும்போது பி12 வரும் என்று நம்பி இருக்க முடியாது. ஆச்சி ஐம்பது வருடம் சைவமாக இருந்தும் தப்பித்ததற்குத் தினசரித் தயிரும் ஒரு முக்கியக் காரணம். பால் பொருளையும் விட்டால் மாத்திரை கட்டாயம். அதை அவளிடம் நேராகச் சொன்னேன், மிரட்டாமல். மாத்திரை எடுத்துக்கொள்கிறேன் என்றாள். இரும்புச் சத்துக்கும் மருத்துவர் மாத்திரை கொடுத்திருக்கிறார். ஹீமோகுளோபின் 9.8-இல் இருக்கிற பெண்ணுக்கு முருங்கைக்கீரை மட்டும் போதும் என்று சொல்வது ஏமாற்று வேலை, சாப்பாடு துணைக்குத்தான். சுண்டலில் எலுமிச்சை பிழியச் சொன்னேன். டிபனோடு குடித்த டீயை ஒரு மணி நேரம் தள்ளி வைக்கச் சொன்னேன், டீ இரும்பை உடம்பில் சேர விடாது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அவள் கைப்பந்து அணியிலேயே இன்னும் சிலருக்கு இருக்கும் என்று சொன்னதும், பயிற்சியாளரிடம் பேசி எல்லோருக்கும் பரிசோதனை எடுக்க வைத்திருக்கிறாள்.

ஆகஸ்டு கடைசியில் அவளாகவே மோர் குடிக்க ஆரம்பித்தாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டாம் என்று நானே வீட்டில் சொல்லி வைத்திருந்தேன்.

இப்போது

அக்டோபர் தொடக்கத்தில் எடுத்த பரிசோதனையில் பெரியவரின் பொட்டாசியம் 4.7, கிரியேட்டினின் அதே 1.7. ஏறாமல் இருப்பதே நல்ல செய்தி. பேத்திக்கு ஹீமோகுளோபின் 11.4. மருமகள் ஐந்தே முக்காலுக்கு எழுந்திருக்கிறார். காலை டிபனை வாரத்தில் இரண்டு நாள் மகன் பார்த்துக்கொள்கிறார். மற்றவர்களுக்கு இட்லி ஊற்றும்போது அரிசியைப் பற்றிய பிரசங்கம் இப்போது கிடையாது.

ஐப்பசியில் கந்த சஷ்டி. ஆச்சி ஆறு நாளும் விரதம் இருப்பார், அது அவருக்குப் பழக்கம். இந்த வருடம் பெரியவர் தானும் இருக்கப்போவதாகச் சொல்கிறார். பேத்தியும் ஒரு நாளாவது இருப்பேன் என்கிறாள். பெரியவர் சாப்பிடுகிற சர்க்கரை மாத்திரைகளில் ஒன்று, வயிறு காலியாக இருந்தாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கிற வகை. சிறுநீரகம் பலவீனமானவருக்கு அந்த இறக்கம் இன்னும் நீளும். மாத்திரையை மாற்றாமல் விரதம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். விரதத்தில் ஆச்சி சாப்பிடுகிற வாழைப்பழமும் பாலும் இளநீரும் அவருக்கு ஆகாது என்பதையும் சொல்லியிருக்கிறேன். மருத்துவரைப் பார்க்க அடுத்த வாரம் நேரம் வாங்கியிருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விகளை ஆச்சியும் மருமகளும் சேர்ந்து காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். இந்த முறை முதல் கேள்வி, விரத நாளில் சம்புடத்து உப்பு எவ்வளவு என்பது.